இரண்டு நாணயங்களும் பத்துச் சீட்டுகளும்

ஒரு நாணயத்தை இருமுறை சுண்டினால், ஒருமுறையேனும் தலை விழுவதற்கான நிகழ்தகவு யாது? இவ்வினாவுக்கு வகுப்பில் பலர் 'மூன்றில் இரண்டு' என்றே விடை கூறுவர். முதல் முறையே தலை, முதலில் பூ, பிறகு தலை, இருமுறையும் பூ. ஆக முடிவுகள் மூன்று, அவற்றுள் சாதகமானவை இரண்டு என்பது அவர்கள் வாதம். இங்ஙனம் கூறும் மாணாக்கரைக் கடிந்துகொள்ளலாகாது. பிரெஞ்சுக் கணித மேதையான டி'அலம்பேர் 1754-இல் கலைக்களஞ்சியக் கட்டுரையொன்றில் இதே வழியில்தான் வாதிட்டார்.

பிழை எங்குள்ளது? மூன்று முடிவுகளும் சம வாய்ப்புடையன அல்ல. 'முதல் முறையே தலை' என்பதனுள் தலை-தலை, தலை-பூ என இரண்டு அடங்கியுள்ளன. ஆதலின் சம வாய்ப்புள்ள முடிவுகள் நான்கு, சாதகமானவை மூன்று, விடை நான்கில் மூன்று.

இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதோடு நில்லாமல், சோதித்தும் பார்க்கவேண்டும். இரண்டு நாணயங்களை ஒருங்கே சுண்டினாலும் கணக்கு மாறாது. ஒரு மாணவன் 20 முறை சுண்டினால், ஒரு விடை 15-ஐயும் மற்றது ஏறக்குறைய 13-ஐயும் எதிர்பார்க்கும். அவனுக்கு 14 கிடைத்தால் யாது முடிவு செய்வது? ஒன்றும் செய்ய இயலாது. ஆனால் 40 மாணாக்கரின் எண்ணிக்கைகளைக் கூட்டினால் சோதனைகள் 800 ஆகின்றன. அப்போது 600-க்கும் 533-க்கும் இடையேதான் வழக்கு. தொகை 600-ஐ ஒட்டியே வரும். 533 வரை இறங்குவது மிக அரிது. சிறு எண்ணிக்கை தீர்ப்பு வழங்காது என்பதைச் சிறுவர்கள் கையாலேயே உணர்வர்.

இனி, களப்பணியாளருக்குரிய ஒரு கணக்கு. முளைப்புத் திறன் நூற்றுக்கு 70 உள்ள விதையைக் குழிக்கு இரண்டாக ஊன்றினால், எத்தனை குழிகள் வெறுமையாகும்? முப்பதில் பாதி, அதாவது 15 என்பது மேலெழுந்தவாரியான விடை. 0 முதல் 9 வரை எழுதிய பத்துச் சீட்டுகளை ஒரு செம்பில் இடுக. 1 முதல் 7 வரை வந்தால் விதை முளைத்தது. 8, 9, 0 வந்தால் முளைக்கவில்லை. குழி ஒன்றுக்கு இருமுறை எடுக்கவேண்டும். எடுத்த சீட்டை மீண்டும் செம்பிலிட்டுக் குலுக்காவிடில் சோதனை கெட்டுவிடும்; மாணவர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மாணவன் ஒருவனுக்குப் பத்துக் குழி வீதம், 400 குழிகளில் 36 அளவில் வெறுமையாகும். மும்மூன்று ஒன்பது, நூற்றுக்கு 9 குழி. இதையே பல நாள் செய்து பார்த்தால், தொகை பெரும்பாலும் 25-க்கும் 47-க்கும் இடையே ஊசலாடுவதைக் காணலாம். கணிப்பொறியுள்ள பள்ளியில் இது நொடிப்பொழுதில் முடியும். ஆயினும் முதல்முறை சீட்டெடுத்துச் செய்வதே நன்று.

வயலில் அதே விதைக்கு 70 குழிகள் வெறுமையாகக் கிடந்தால்? வெறும் தற்செயல் என்று தள்ள இயலாது. விதைமீது உடனே பழி சுமத்தவும் கூடாது. ஒரு விதையின் கதி மற்றதன் கதியைச் சாராது என்று கொண்டே நாம் பெருக்கினோம். செம்பில் அது உண்மை. குழியில் நீர் தேங்கினால் இரண்டும் சேர்ந்தே அழுகும். எறும்பு புகுந்தால் இரண்டையும் இழுத்துச் செல்லும். எனவே அவ்விதையில் சிலவற்றைத் தனித்தனியே முளைக்கவைத்து எண்ணிப் பார்க்கவேண்டும். அங்கும் நூற்றுக்கு 70 அளவில் முளைத்தால், ஆராயவேண்டியது குழியையே.