வால்வை மூடினால் மட்டும் போதுமா?

நம்மில் பலருக்குக் கீழே கடையும் கிட்டங்கியும், மேலே குடியிருப்பும். மாடிக் குளியலறையில் டேப் ஒழுகினால், பிளம்பர் வரும் வரை பொறுக்காமல் நாமே ஸ்பேனரைத் தூக்கிவிடுகிறோம். நானும் தூக்கியவன்தான். 2017இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

விருதுநகரில் என் கிட்டங்கிக்கு நேர் மேலே முதல் மாடியில் எங்கள் குளியலறை. இரண்டாம் மாடியில் மகன் குடும்பம். மொட்டை மாடியில் 1,000 லிட்டர் தொட்டி. தொட்டியடியில் இருந்த கேட் வால்வை இறுக மூடிவிட்டு வந்து டேப்பைத் திறந்தேன். கொஞ்சம் வந்து நின்றது. குழாய் காலி என்று நினைத்து டேப்பைக் கழற்றினேன். பழைய சணலைச் சுரண்டிக்கொண்டிருந்த நேரம், மேலே மருமகள் கை கழுவ டேப்பைத் திருகினார். உடனே என் முகத்தில் தண்ணீர் பீறிட்டது. போட்ட கூச்சலில், வால்வு திறந்து கிடக்கிறதென்று மகன் ஓடிப்போய்த் திருக, மூடியிருந்த வால்வும் திறந்துகொண்டது! கட்டைவிரலால் அடைத்தால் நிற்கிற வேகமா அது? கழிவுக் குழாய் இறங்கும் ஓட்டை வழியாகக் கீழே இறங்கிவிட்டது.

"அண்ணாச்சி, பருப்பு மூட்டையெல்லாம் நனையுது!" என்று கடைப் பையன் கத்தினான்.

50 கிலோ துவரம்பருப்பு 9 மூட்டை, சீனி 3 மூட்டை போயிற்று. பருப்பை வெயிலில் உலர்த்தியும் பூசணம் பிடித்து மாட்டுத் தீவனத்துக்குத்தான் போனது.

முதலில் வந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது? எண்ணெய் டின்னில் குழாயை விட்டு, மேல் வாயை விரலால் அடைத்து மாதிரி எடுப்போமே, அதே கதைதான். மேலே காற்று புக வழியில்லாததால் குழாயில் நீர் தொங்கி நிற்கிறது. மேல்மாடி டேப்பைத் திறப்பது விரலை எடுப்பது போல. ஒரு அங்குலக் குழாயில் 20 அடி உயரத்துக்கு ஏறக்குறைய 3 லிட்டர் நிற்கும். அது வாளியில் அடங்கும். மூட்டைகளைக் கெடுத்தது அதுவல்ல, பின்னால் வந்த தொட்டித் தண்ணீர்.

ஆகவே வால்வை மூடியதும் அந்த லைனில் உள்ள எல்லா டேப்பையும், முக்கியமாக ஆக உயரத்தில் உள்ளதையும் திறந்துவிடுங்கள். வீட்டாரிடம் சொல்லிவிட்டு வால்வுக் கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டுங்கள். பத்து நிமிடம் கழித்தும் நூல் போல ஒழுகினால் வால்வு பிடிக்கவில்லை என்று பொருள். போர் தண்ணீரின் உப்பு படிந்த பழைய கேட் வால்வில் இது சாதாரணம். அப்போது டேப்பில் கை வைக்காதீர்கள். தொட்டியிலிருந்து வேறு லைன் வருகிறதா என்றும் பாருங்கள்.

கீசர் உள்ள வீட்டில் முதலில் சுவிட்சை அணையுங்கள். அதன் தண்ணீர் உள்ளே வரும் குழாயைக் கழற்றினால், திரும்பி வராமல் தடுக்கும் வால்வு பழுதாக இருந்தால், கீசரில் உள்ள நீர் முழுவதும் அந்த வழியே கொட்டிவிடும். காலியான கீசரில் மின்சாரம் போனால் காயில் எரிந்துவிடும்.

டேப்பை அரைச் சுற்று தளர்த்திப் பார்த்து, தண்ணீர் வராவிட்டால் மட்டும் முழுக்கக் கழற்றுங்கள். அதே அளவில் ஒரு டம்மி பிளக்கும் டெஃப்லான் டேப்பும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். அடியில் இருக்கிற சரக்கை முன்கூட்டியே நகர்த்தி, தார்ப்பாய் போடுங்கள்.

கடைக்கு எடுக்கும் தீ விபத்துப் பாலிசியில் தொட்டி, குழாய் வெடித்தோ நிரம்பி வழிந்தோ வரும் சேதத்துக்கும் இடம் உண்டு. நானே கழற்றிவிட்ட குழாய்க்கு எந்த முகத்தோடு கேட்பது? கேட்கவில்லை.

அன்று வாங்கிய டம்மி பிளக் இன்னும் கல்லாப் பெட்டியில் சில்லறையோடு கிடக்கிறது.