பேனல் குயில்ட்: சுற்றுத்துணியின் நிறமும் கணக்கும்

கரூரிலிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாகும் வீட்டு உபயோகத் துணிகளில் குயில்ட்டும் ஒன்று. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டிய போர்வை அது. அந்நாடுகளில் இதை வீட்டிலேயே தைப்போர் ஏராளம். அவர்களுக்காக மரம், யானை, மலைக்காட்சி என்று ஒரு முழுப்படத்தை அச்சிட்டு விற்கும் துணியே பேனல். படத்தை நடுவில் வைத்து, சுற்றிலும் வேறு துணிகளை இணைப்பார்கள்.

இது புதுச் சரக்கு அல்ல. நம் சோழமண்டலக் கடற்கரையிலிருந்து 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கப்பலேறிய சாயந்தீட்டிய படுக்கை விரிப்புகளிலிருந்து பூக்களை வெட்டி, வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்தவர்கள் ஆங்கிலேயர். பின்னர் அவர்களே அச்சிட்டார்கள். 1813-இல் விட்டோரியா போரில் வெலிங்டன் பெற்ற வெற்றிக்குக்கூட ஒரு பேனல் உண்டு.

எங்கள் அனுபவத்தைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் 20 பேனல் வாங்கினோம். சுற்றுத்துணியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். மூன்று மாதம் கழித்துக் கேட்டால், அந்த அச்சு முடிந்துவிட்டது என்றார்கள். இவ்வகைத் துணிகளைப் பெரும்பாலும் ஒருமுறைதான் அச்சிடுவார்கள். கையிலிருந்த நீலத்தைப் பக்கத்தில் வைத்தோம். படம் அழுக்கேறியது போல் தெரிந்தது. முதல் முடங்கியது. கடைசியில் வாங்கிய விலைக்கும் குறைவாகத் தள்ளிவிட்டோம்.

ஆகவே பேனலையும் சுற்றுத்துணியையும் ஒரே நாளில் வாங்க வேண்டும். எந்த நிறம்? பல பேனல்களின் ஓரத்தில் அச்சில் பயன்பட்ட நிறங்கள் சிறு புள்ளிகளாக வரிசையாக இருக்கும். அவற்றில் படத்தில் அதிகம் தெரியும் நிறத்தையே எடுப்பது வழக்கமான தவறு. படம் சுற்றுத்துணியோடு கரைந்துவிடும். குறைவாகத் தெரியும் நிறத்தை எடுங்கள். பச்சைக் காட்டில் ஒரு சிறு பறவை செங்கல் நிறமென்றால், அந்தச் செங்கல் நிறமே படத்தை எடுத்துக் காட்டும். வெளிர், அடர்த்தி வேறுபாடும் வேண்டும். கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தால் இது உடனே விளங்கும். பேனலில் பெரிய பூ இருந்தால் சுற்றுத்துணியில் பொடி அச்சோ வெற்று நிறமோ போதும். சிவப்பு, கருநீலம் வாங்கும்போது ஈர வெள்ளைத்துணியால் தேய்த்துப் பாருங்கள்.

இனி அளவு. பேனல் நேர்ச்சதுரமாக அச்சாகியிருக்கும் என்று நம்பக் கூடாது. இஸ்திரி போட்டு, மட்டம் பார்த்து வெட்டிய பேனல் 22½க்கு 34½ அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். தையலுக்கு ஓரத்துக்குக் கால் அங்குலம் போனால் 22க்கு 34. இதைச் சுற்றி 6 அங்குலச் சதுரங்கள் வைத்தால் கணக்கு இடிக்கும். படத்தை வெட்டிச் சரிசெய்யக் கூடாது. நாற்புறமும் ஓர் அங்குலப் பட்டை சேர்த்தால் 24க்கு 36. சுற்றிலும் 24 சதுரங்கள் சரியாக உட்காரும். இந்தப் பட்டை அடர்நிறமானால் படத்துக்குச் சட்டம் போட்டது போலவும் அமையும். வெளியே 4 அங்குலக் கரை வைத்தால் முடிந்த அளவு 44க்கு 56.

சிறு படங்கள் பல உள்ள பேனலை வெட்டிப் பிரித்து, இடையிடையே வெற்றுச் சதுரம் வைப்பதும் உண்டு. அதற்கும் இதே நிற விதிதான்.

மேற்சொன்ன குயில்ட்டுக்கு 44 அங்குல அகலத் துணியில் பட்டைக்கு 15 சென்டிமீட்டர், சதுரங்களுக்கு இரு நிறத்தில் 40 சென்டிமீட்டர் வீதம், கரைக்கும் விளிம்புப் பட்டிக்கும் 1 மீட்டர், அடித்துணிக்கு 2¾ மீட்டர் ஆகும். பேனலோடு ஏறக்குறைய 4¾ மீட்டர் துணி விற்கிறது! சாம்பார் பொடி கேட்பவரிடம் பருப்பையும் புளியையும் எடுத்துக் காட்டும் மளிகைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாங்கள் இப்போது ஐந்தையும் மடித்து ஒரே கட்டாக வைத்து, மேலே இந்த அளவுகளை ஒரு சீட்டில் எழுதிவிடுகிறோம்.

வெட்டும் பையனிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பேனலை மீட்டர் கோல் வைத்து வெட்டக் கூடாது. ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் வெற்றிடத்தில்தான் வெட்ட வேண்டும். எங்கள் கடையில் ஒரே வெட்டில் இரண்டு யானைகள் தலை இழந்தன.