உங்கள் இலக்கணப் பாடம் சென்ட் ஃபோல்டரில் இருக்கிறது

வேலையில் சேர்ந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிறீர்கள், மீட்டிங்கில் பேசுகிறீர்கள், எதிரில் இருப்பவருக்கும் புரிகிறது. ஆனாலும் மெயிலை அனுப்பும் முன் ஒரு தயக்கம் வருகிறதா? சர்வதேச அளவுகோலில் பி1, பி2 என்று சொல்லும் இடைநிலை இதுதான். அடிப்படை தெரியும், ஆனால் அதே நாலைந்து பிழைகள் திரும்பத் திரும்ப வரும். இதற்காகப் பெயர்ச்சொல், வினைச்சொல் என்று முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்காதீர்கள். சென்ட் ஃபோல்டரைத் திறந்து, போன மாதம் எழுதியதில் நீளமான பத்து மெயில்களை எடுத்து நிதானமாகப் படியுங்கள். உங்கள் பிழைகள் அங்கே வரிசையாக நிற்கும்.

திருப்பூர் பின்னலாடை நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருப்பவர், லேப் டிப்ஸ் (சாயமேற்றிய துணி மாதிரிகள்) பற்றி வெளிநாட்டு பையருக்கு இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்: "வீ ஹேவ் சென்ட் தி லேப் டிப்ஸ் யெஸ்டர்டே." தமிழில் 'நேற்றே அனுப்பியிருக்கிறோம்' என்றால் குறையில்லை. ஆங்கிலத்தில் நேற்று, போன வாரம் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் அங்கே 'ஹேவ்' கூடாது. "வீ சென்ட் தி லேப் டிப்ஸ் யெஸ்டர்டே" என்பதே சரி. என்றைக்கு என்பது முக்கியமில்லை, அனுப்பியாகிவிட்டது என்று தெரிந்தால் போதும் என்றால் 'யெஸ்டர்டே'யை எடுத்துவிட்டு 'ஹேவ்' போடுங்கள். இன்டர்வியூவில் பலர் சொல்லும் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019" இதற்கு நேர் எதிரான பிழை. அன்று தொடங்கி இன்றும் தொடர்கிற வேலைக்கு 'ஹேவ்' கட்டாயம் வேண்டும்: "ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் சின்ஸ் 2019."

அடுத்தது கெடு. வெள்ளிக்கிழமைக்குள் என்று நினைத்து "விதின் ஃப்ரைடே" என்று எழுதுகிறோம். கிழமைக்கும் தேதிக்கும் "பை ஃப்ரைடே". மூன்று நாளுக்குள் என்று கால அளவாகச் சொன்னால் "விதின் த்ரீ டேஸ்". "டிஸ்கஸ் அபவுட்", "ரிப்ளை மீ" போன்றவற்றுக்கு விளக்கமே வேண்டாம். முதலாவதில் 'அபவுட்' கிடையாது, இரண்டாவதில் 'டு' உண்டு. மனப்பாடம் செய்துவிடுங்கள்.

நேரம் செலவழிக்க வேண்டியது 'இஃப்' வாக்கியங்களில்தான், ஏனென்றால் அங்கே பணம் இருக்கிறது. "இஃப் யூ ஆர்டர் ஃபைவ் தவுசண்ட் பீசஸ், வீ வில் ரெட்யூஸ் தி ப்ரைஸ்" என்பது வாக்குறுதி. ஐயாயிரம் பீஸ் ஆர்டர் வந்தால் விலையைக் குறைத்தே ஆக வேண்டும். "இஃப் யூ ஆர்டர்ட் ஃபைவ் தவுசண்ட் பீசஸ், வீ குட் லுக் அட் தி ப்ரைஸ்" என்றால் வாக்குக் கொடுக்காமல் ஆழம் பார்ப்பது. 'ஆர்டர்ட்' இறந்தகால வடிவம்தான், ஆனால் சொல்வது கடந்துபோன விஷயத்தை அல்ல. இன்னும் முடிவாகாத ஒன்றை. பேரம் பேசுகிறவருக்கு இந்த வேறுபாடு கையில் இருந்தே ஆக வேண்டும். "இஃப் யூ வில் ஆர்டர்" என்று எழுதும் பழக்கமிருந்தால் அந்த 'வில்'லை அடித்துவிடுங்கள்.

பயிற்சிக்குப் புத்தகம் வேண்டுமா? 1985-இல் வெளிவந்து இன்றும் புதிய பதிப்புகள் காணும் ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்' இந்த நிலைக்கென்றே எழுதப்பட்டது. இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. எந்தப் பாடம் உங்களுக்குத் தேவை என்று கண்டுபிடிக்கக் கடைசியில் ஒரு கேள்விப் பகுதியும் உண்டு. வரிசையாகப் போகாமல், வாரம் ஒரு பிழை என்று தேவையான பாடத்தை மட்டும் எடுங்கள். கோடிட்ட இடத்தை நிரப்பியதோடு நிறுத்திவிடாதீர்கள். அதே அமைப்பில் உங்கள் ஆர்டர், உங்கள் கிளையன்ட், உங்கள் டெலிவரி தேதியை வைத்து ஐந்து வாக்கியங்கள் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் தவிர்ப்பதும் அதிகம் பலன் தருவதும் இதுதான்.

பிழை திருத்தும் மென்பொருளை ஒதுக்க வேண்டாம். சிவப்புக் கோடு விழுந்ததும் அது காட்டும் திருத்தத்தை அப்படியே ஏற்காமல், என்ன தவறு என்று முதலில் நீங்களே யோசித்துத் திருத்துங்கள், பிறகு ஒப்பிடுங்கள்.

இந்த வாரம் வேறு எதையும் தொட வேண்டாம். அந்தப் பத்து மெயில்களில் 'ஹேவ்' வரும் இடங்களை மட்டும் வட்டமிட்டு, பக்கத்தில் நாளோ தேதியோ இருக்கிறதா என்று பாருங்கள்.