ஆரஞ்சு ரோபோவும் நீல ரோபோவும்

அன்புள்ள மருமகனுக்கு,

பழைய அறிவியல் படக்கதைகளை முதன்முறையாகப் புரட்டும் இளைய வாசகர், வெள்ளிக் கோள் அவற்றில் சதுப்புக் காடாகவும் செவ்வாய் கால்வாய்கள் ஓடும் நாடாகவும் வரையப்பட்டிருப்பதைக் கண்டு, அறிவியலே பொய்த்துப்போன அறிவியல் கதையால் என்ன பயன் என்று கேட்பது இயல்பே. வெள்ளியின் கடும் வெப்பத்தை மாரினர் 2 விண்கலம் 1962இல்தான் உறுதிசெய்தது. செவ்வாயின் வறண்ட பள்ளங்களை மாரினர் 4 படமெடுத்து அனுப்பியது 1965இல். அதற்கு முன் வரைந்தவர்களை இன்றைய பாடநூலைக் கொண்டு அளப்பது முறையன்று. மேலும், அக்கதைகளுள் சிறந்தவற்றில் வேற்றுக்கோள் என்பது வானியல் செய்திக்காக அன்று, சொந்த ஊரில் நேர்முகமாகப் பேச இயலாத ஒன்றைப் பேசுவதற்குத் தேவையான தொலைவுக்காகவே தேர்ந்துகொள்ளப்பட்டது. இதை உணர்ந்து படிப்பவருக்கு அந்நூல்களின் பெருமை விளங்கும்.

இதற்குத் தக்க சான்று, நியூயார்க்கில் இயங்கிய இ.சி. காமிக்ஸ் என்னும் பதிப்பகம் 1950இல் தொடங்கிய ‘வியர்டு சயின்ஸ்’, ‘வியர்டு ஃபேண்டசி’ ஆகிய இரு இதழ்கள். தந்தை 1947இல் படகு விபத்தில் இறந்ததால் நிறுவனத்தை ஏற்ற வில்லியம் கெய்ன்ஸும், ஆசிரியர் ஆல் ஃபெல்ட்ஸ்டைனும் சேர்ந்து கதைகளை உருவாக்கினர். பத்து சென்டு விலையுள்ள அவ்விதழ்கள் பெரிதாக விற்கவில்லை. அதே பதிப்பகத்தின் திகில் இதழ்கள் ஈட்டிய வருவாயே அவற்றைத் தாங்கியது. விற்காத ஒன்றைப் பெருமைக்காகவே தொடர்ந்து வெளியிட்ட பதிப்பாளர் மதிப்புக்குரியவர். எழுத்தாளர் ரே பிராட்பரியின் இரு கதைகளை அனுமதியின்றி ஒன்றாக இணைத்து 1952இல் வெளியிட்டது குற்றமே. ஆனால் பிராட்பரி அதைத் திருட்டு என்று சாடாமல், உரிமைத்தொகை அனுப்ப மறந்துவிட்டீர்கள் போலும் என்ற தொனியில் பண்போடு எழுதினார். தொகையும் வந்தது, அவரது கதைகள் முறையான அனுமதியுடன் அதே இதழ்களில் தொடர்ந்து படக்கதைகளாயின.

அவ்விதழ்கள் உருவான முறையை அறிந்தபின் படித்தால் ஒவ்வொரு பக்கமும் வேறாகத் தோன்றும். ஃபெல்ட்ஸ்டைன் கதையின் சொற்களை ஓவிய அட்டையின் மீதே எழுதிவிடுவார். எழுத்துகள் பொறிக்கப்பட்ட பிறகே அட்டை ஓவியரிடம் சேரும். எனவே சொற்கள் விட்டுவைத்த இடத்துக்குள்தான் ஓவியர் தம் உலகைப் படைத்தாக வேண்டும். வாலி வுட் அந்த நெருக்கடியையே வளமாக்கினார். அவர் வரைந்த விண்கலத்தின் உட்புறத்தில் குழாய்களும் அளவுமானிகளும் நிழல்களும் நிறைந்து, கருவிகளின் அடர்த்தியை வாசகர் உணரும்படி இருக்கும். வண்ணமோ இன்னும் கடுமையான எல்லைக்குட்பட்டது. நீலம், செந்நீலம், மஞ்சள் ஆகிய மூன்று மைகளையும் முழுமையாகவோ, அரைப்பங்காகவோ, கால்பங்காகவோ சிறு புள்ளிகளாக அச்சிட்டு, அவற்றின் சேர்க்கைகளைக் கொண்டே எல்லா நிறங்களையும் பெற வேண்டியிருந்தது. கோடுகளுக்குத் தனியே கறுப்பு. அவ்வளவு குறைந்த வாய்ப்பைக் கொண்டு, மலிவான செய்தித்தாள் காகிதத்தில், வண்ணக் கலைஞர் மாரி செவெரின் காட்டிய நுட்பம் இன்றும் வியப்புக்குரியது.

இவை அனைத்துக்கும் உச்சமாகக் கருதத்தக்கது, 1953இல் ‘வியர்டு ஃபேண்டசி’ 18ஆம் இதழில் ஃபெல்ட்ஸ்டைன் எழுத, ஜோ ஒர்லாண்டோ வரைந்த ‘ஜட்ஜ்மென்ட் டே’, அதாவது தீர்ப்பு நாள், என்னும் கதை. ரோபோக்கள் மட்டுமே வாழும் ஒரு கோள், விண்மீன் குடியரசில் உறுப்பாகும் தகுதி பெற்றுவிட்டதா என்று ஆராயப் பூமியிலிருந்து டார்ல்டன் என்னும் அதிகாரி வருகிறார். ஆரஞ்சு ரோபோக்கள் பெருமையுடன் தம் தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டுகின்றன. நீல ரோபோக்கள் நகரின் வேறு பகுதியில் ஒதுக்கப்பட்டு, தாழ்ந்த வேலைகளில் அமர்த்தப்பட்டிருப்பதை அவர் காண்கிறார். இரண்டுக்கும் உள்ளுறுப்புகள் ஒன்றே, மேலுறையின் நிறம் மட்டுமே வேறு என்பதும் தெரியவருகிறது. கோள் இன்னும் தகுதி பெறவில்லை என்று சொல்லிவிட்டுக் கலத்துக்குத் திரும்பும் டார்ல்டன், கதை முழுவதும் அணிந்திருந்த தலைக்கவசத்தை இறுதிக் கட்டத்தில் கழற்றுகிறார். அவர் கறுப்பினத்தவர்; முகத்தில் வியர்வைத் துளிகள் மின்னுகின்றன. பள்ளிகளில் நிறப்பிரிவினை சட்டத்துக்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954 மே மாதத்தில் என்பதால், பத்து சென்டு இதழொன்று அத்தீர்ப்பை முந்திக்கொண்டது என்றே கூற வேண்டும்.

அதே 1954இல் படக்கதைகள் சிறுவர்களைக் கெடுக்கின்றன என்ற எதிர்ப்பு ஓங்கி, அமெரிக்க மேலவைத் துணைக்குழு விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் தாமே ஒரு தணிக்கை நெறியை ஏற்படுத்திக்கொண்டனர். 1956இல் ‘இன்கிரெடிபிள் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ 33ஆம் இதழில், மறுக்கப்பட்ட ஒரு கதைக்கு மாற்றாக ‘ஜட்ஜ்மென்ட் டே’ மறுபடி வைக்கப்பட்டபோது, தணிக்கைத் தலைவராக இருந்த நீதிபதி சார்லஸ் மர்ஃபி, விண்வெளி வீரர் கறுப்பினத்தவராக இருத்தல் கூடாது என்றார். அவ்வீரர் கறுப்பினத்தவர் என்பதற்காகவே எழுதப்பட்ட கதையில் அதை நீக்கச் சொல்வது எத்தகைய அநீதி! கெய்ன்ஸும் ஃபெல்ட்ஸ்டைனும் இணங்க மறுத்ததும், வியர்வைத் துளிகளையாவது நீக்கலாம் என்று கோரிக்கை சுருங்கியது. அதற்கும் அவர்கள் இணங்காததால் கதை ஒரு கோடும் மாறாமல் வெளிவந்தது. அந்நிறுவனம் வெளியிட்ட கடைசிப் படக்கதை இதழும் அதுவே. அதன்பின் ‘மேட்’ என்னும் நகைச்சுவை இதழே அவர்களுக்கு எஞ்சியது.

இவ்விதழ்களின் முதற்பதிப்புகளைத் தேடி மருமகன் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை. அக்காகிதம் காலப்போக்கில் பழுத்து, மடித்த இடத்தில் ஒடியும் தன்மையுடையது, படிப்பதைவிடப் பாதுகாப்பதே அதற்குரிய வேலையாகிவிடும். மறுபதிப்புகளே போதும். அவற்றுள் கறுப்பு வெள்ளையில் வந்தவை வுட்டின் கோடுகளைத் தெளிவாகக் காட்டுவதால் அவரது கதைகளை அவ்வகைப் பதிப்பில் படிப்பது நன்று. ‘ஜட்ஜ்மென்ட் டே’யை மட்டும் வண்ணப் பதிப்பிலேயே முதலில் படிக்க வேண்டும், கறுப்பு வெள்ளையில் ஆரஞ்சு ரோபோ எது, நீல ரோபோ எது என்று கண்ணால் பிரித்தறிய வழியில்லை. வண்ணத்தில் படித்து முடித்த பிறகு, அதே பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் மீண்டும் ஒருமுறை பார்ப்பது தவறாமல் செய்யத்தக்கது.

ஆசிகளுடன்,
மாமா