சேர்வராயன் மலை கற்பிக்கும் வேதியியல்

நுழையும்முன்

ஆய்வகத்துக் கண்ணாடிக் குடுவைக்குள் மட்டும் வேதிவினை நிகழ்வதில்லை. மழையும் பாறையும் காற்றும் கூடுமிடமெல்லாம் அது நிகழ்கிறது. சேலத்தை அடுத்த சேர்வராயன் மலை அதற்கு நல்லதொரு சான்று.

செம்மண் சொல்லும் செய்தி

ஏற்காட்டைத் தாங்கி நிற்பது சார்னோக்கைட்டு என்னும் பழம்பாறை. மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்நீர் நெடுங்காலம் பாறையில் ஊறி, சோடியம், கால்சியம், சிலிக்கா ஆகியவற்றைக் கரைத்துச் சென்றது. எளிதில் கரையாத அலுமினியமும் இரும்பும் எஞ்சின. அந்த எச்சமே மலையுச்சிகளில் காணப்படும் பாக்சைட்டு. அதன் செந்நிறத்திற்குக் காரணம் இரும்பு ஆக்சைடு.

இரும்பிலிருந்து அலுமினியத்தைப் பிரிப்பது எவ்வாறு? அலுமினியம் ஆக்சைடு அமிலத்தோடும் காரத்தோடும் வினைபுரியும் ஈரியல்பு உடையது. இரும்பு ஆக்சைடு காரத்தில் கரைவதில்லை. எனவே சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் பாக்சைட்டை இட்டால் அலுமினியம் கரைந்துவிடும். இரும்பு செஞ்சேறாகத் தங்கிவிடும். கரைசலிலிருந்து தூய அலுமினியம் ஆக்சைடைப் பெற்று, அதை உருகிய கிரையோலைட்டில் கரைத்து மின்னாற்பகுத்தால் உலோகம் கிடைக்கிறது. இம்மின்னாற்பகுப்பு முறையை 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரோல்டும் தனித்தனியே கண்டறிந்தனர்.

வெள்ளைக்கல்லின் கணக்கு

மலையடிவாரத்தில் வேறொரு கனிமம் உண்டு. மக்னீசியம் நிறைந்த பாறையோடு கார்பன் டை ஆக்சைடு கரைந்த நீர் வினைபுரிந்ததால் உண்டான மக்னசைட்டு அது. இவ்வட்டார மக்கள் அதை வெள்ளைக்கல் என்பர். வேதியியலார் மக்னீசியம் கார்பனேட்டு என்பர்.

இக்கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டால் சிதைவு வினை நிகழ்கிறது. மக்னீசியம் ஆக்சைடு எஞ்ச, கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஒரு மோல் மக்னீசியம் கார்பனேட்டின் நிறை 84 கிராம். அதிலிருந்து 40 கிராம் மக்னீசியம் ஆக்சைடும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கின்றன. நாற்பதும் நாற்பத்து நான்கும் சேர்ந்தால் எண்பத்து நான்கு. பொருண்மை அழியா விதி இங்கே கண்முன் நிற்கிறது. மக்னீசியம் ஆக்சைடு ஏறத்தாழ 2,800 டிகிரி செல்சியசு வரை உருகாது. ஆதலால் எஃகு உலைகளின் உட்சுவருக்குரிய செங்கல் அதனால் செய்யப்படுகிறது.

எண் உணர்த்தும் பொறுப்பு

மேற்கண்ட கணக்கை மீண்டும் நோக்குக. சுட்ட கல்லின் நிறையில் பாதிக்கு மேல் காற்றில் கலந்துவிடுகிறது. சூளைக்கு இட்ட எரிபொருளின் புகை இதில் சேரவில்லை. நெடுங்காலமாகப் பாறை சிறைப்படுத்தி வைத்திருந்த வாயுவைச் சூளை சில மணி நேரத்தில் விடுவிக்கிறது. வெட்டியெடுத்த பாக்சைட்டும் நம் வாழ்நாளில் மீண்டும் உருவாகாது.

எனினும் வழியில்லாமல் இல்லை. பழைய அலுமினியப் பாத்திரத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்த, தாதுவிலிருந்து புதிதாக எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும். மலையை வெட்டாமலே உலோகம் பெறும் வழி இது. உலோகமும் உலைச்செங்கலும் நமக்கு வேண்டும், மலையும் வேண்டும். இரண்டுக்கும் இடையே அளவறிந்து நடக்கக் கற்பிப்பதே வேதியியலின் பயன்.

கற்பவை கற்றபின்

1. 210 கிலோகிராம் தூய மக்னசைட்டைச் சுட்டால் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடின் நிறையைக் கணக்கிடுக.

2. உம் வீட்டில் பயனற்றுக் கிடக்கும் அலுமினியப் பொருள்களைப் பட்டியலிட்டு, அவை எங்குச் சென்று சேர்கின்றன என வகுப்பில் கலந்துரையாடுக.