நினைவிழந்த மூளைக்கு நடையே துணை

மனித மூளை உடலின் எடையில் 2 விழுக்காடே. ஆயினும் உடல் செலவிடும் உயிர்வளியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அதுவே பெற்றுக்கொள்கிறது. சேமித்து வைக்க அதற்கு இடமில்லை. ஆகவே குருதியோட்டம் சில நிமிடங்கள் தடைப்படினும் கேடு விளையும். கையும் காலும் விழுந்தால் பக்கவாதம் என்று உடனே அறிகிறோம். நினைவு தவறினாலோ, முதுமை என்று விட்டுவிடுகிறோம்.

புதிய செய்திகளை நினைவிற் பதிக்கும் பகுதிக்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர். குருதிக் குறைவைச் சிறிதும் பொறாத பகுதி அது. ஜப்பானிய மருத்துவர் கிரினோ 1982-இல் ஜெர்பில் என்னும் எலியினத்தின் மூளைக்குச் செல்லும் குருதியை 5 நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஓடவிட்டார். அப்பகுதியின் செல்கள் உடனே மடியவில்லை; சில நாட்கள் கழித்தே மடிந்தன. (சிற்றுயிர்களை வருத்திப் பெற்ற அறிவு இது, கொல்லாமை போற்றும் நமக்கு இதனை எழுதவும் கை கூசுகிறது.)

இழந்ததை மீட்க இயலுமா? 2011-இல் அமெரிக்காவில் முதியோர் 120 பேரிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. ஓராண்டு, வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 விழுக்காடு பெருத்தது, நடவாதவர்க்குச் சுருங்கியது. இவர்கள் நோயற்றவர்கள் என்பதை மறத்தலாகாது. பக்கவாதம் கண்டவர்களிடம் பயிற்சியால் கவனமும் சிந்தனை விரைவும் ஓரளவு தேறுகின்றன. நினைவாற்றலில் பயன் அவ்வளவு தெளிவாக இல்லை. எனினும் கட்டிலிலேயே கிடத்தி வைப்பதினும் இது மேலானதே.

அதற்காக அவசரப்படுதலும் ஆகாது. ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. முதல் 24 மணி நேரத்திற்குள் அடிக்கடியும் மிகுதியாகவும் எழுப்பி நடத்தப்பட்டவர்கள், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிடக் குறைவாகவே தேறினர்.

மறதி ஆபத்தாய் முடியும் தொழில்களும் உள. விருதுநகர் மாவட்டத்துத் தாயில்பட்டியை எண்ணிப் பாருங்கள். பட்டாசுத் தொழிலில் நெடுநேரம் அமர்ந்தே வேலை, உடலுக்கு நடையில்லை. மருந்துக் கலவையைக் கையாள்பவர் ஒரு படியை மறந்தால் உடன் இருப்போர்க்கும் உயிர்க்கேடு. ஆதலால் நோய் கண்டு எழுந்தவர், கால் நன்றாக நடக்கிறது என்பதற்காகவே மருந்தறைக்குத் திரும்பலாகாது. நினைவையும் கவனத்தையும் மருத்துவர் சோதித்த பின்னரே செல்லவேண்டும். கூலி நின்ற வீட்டில் இது கடினந்தான்; ஆயினும் வேறு வழியில்லை.

இயன்முறைப் பயிற்சியை இல்லத்திற்கே வந்து அளிப்பதும் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அடங்கும். பயிற்சியை வெயிலேறுமுன் முற்றத்திலேயே தொடங்கலாம். முதலில் ஒருவர் உடன் நடக்கட்டும். மூச்சு வாங்கினும் பேச முடிகிற வேகமே போதும். நீரும் அருந்தா நோன்பினை ஏற்குமுன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும். உடலில் நீர் குறைந்தால் குருதியோட்டமும் தளரும். மீண்டும் வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, திடீரென நினைவு தடுமாறினாலோ 108-ஐ அழையுங்கள். குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து பெரும்பாலும் நாலரை மணி நேரத்திற்குள் தரப்படவேண்டியது.