பால்மரம் மூன்று

செலாயாங்கில் ஓய்வு நாட்களில் பிள்ளைகளுக்கு மரச்செதுக்கு வேலை பழக்கி வருகிறேன். உளியைத் தொடுமுன் மரத்தை அறிய வேண்டும் என்பதே முதற்பாடம். நான் அதைக் காலந்தாழ்ந்தே கற்றேன். ஒரு சமயம் கோயிலுக்கு உபயமாக ஜெலுத்தோங் பலகையில் மயில் செதுக்கி அளித்தேன். அபிஷேக நீர் தெறிக்கும் இடத்தில் அதை மாட்டச் சொன்னவனும் நானே. ஓராண்டுக்குள் கறுத்து உளுத்துப் போயிற்று.

செதுக்க ஏற்ற வெளிர்நிற மரங்களில் இந்நாட்டில் மூன்றைக் குறிப்பிடலாம். மூன்றும் பால் வடிப்பவை.

ஜெலுத்தோங்: காய்ந்த மரம் கன மீட்டருக்கு 420 முதல் 500 கிலோ எடை இருக்கும். இழை நேரானது, உளிக்கு நன்கு இணங்கும். நுண்ணிய வேலைக்கு இதுவே ஏற்றது. பால்நாளப் பிளவுகள் உள்ள பகுதியை ஒதுக்கிவிட வேண்டும்.

பூலாய்: நம் ஏழிலைப்பாலையின் இனம். மிக இலேசானது. முகமூடி, பொம்மைகளுக்கு உகந்தது. கூரிய விளிம்பு எளிதில் நசுங்கும்.

ரப்பர்: 560 முதல் 640 கிலோ. செதுக்கக் கை வலிக்கும். ஆயினும் பெட்டி, முக்காலி உறுதியாக அமையும். போராக்ஸ், போரிக் அமிலம் ஏற்றிய பலகையையே வாங்குக. இல்லையேல் பூச்சி அரிக்கும்.

இம்மூன்றும் ஈரத்திற்கு ஆகா. நீர்படும் இடத்திற்கு உபயம் செய்யும் அன்பர்கள் தேக்கைக் கேளுங்கள்.

ரப்பர் மரம் 25, 30 ஆண்டுகளில் பால் குன்றியதும் சாய்க்கப்படுகிறது. என் தாயார் பால்மரம் சீவி எங்களை வளர்த்தவர். அம்மரத்தில் மாணவன் ஒருவன் செய்து தந்த விபூதிப் பெட்டி, இன்று அவர் படத்தின் முன் இருக்கிறது.